கரண்ட் போனதும் ஏறிய தண்ணீர்: ஒரு பாறை இடுக்கில் நடந்ததன் ஆய்வு

இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவில், ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் இடைப்பட்ட பகுதியில், களனி கங்கையோடு சேரும் கிளையோடை ஒன்றில் இது நடந்தது. மார்ச் மாதத்தின் கடைசி வாரம். பாறை இடுக்கில் ஓடும் ஓடையோடு, வீழ்ச்சி வீழ்ச்சியாகக் கயிற்றில் இறங்கிப் போக வந்த ஐந்து பேர் கொண்ட குழு. எல்லோரும் கயிற்று வேலை தெரிந்தவர்கள், இருவர் நீண்ட கால அனுபவம் உள்ளவர்கள். பிற்பகல் 1.53 மணியளவில், மூன்றாவது வீழ்ச்சியின் நடுவில் கயிற்றில் இருந்தவர் நீரின் அடியில் சிக்கினார். அந்த இடத்தில் மழை ஒரு துளிகூட விழவில்லை. தண்ணீர் கலங்கவும் இல்லை. ஏறக்குறைய 40 விநாடிகளில் அவர் மூச்சு விடும் நிலைக்கு வந்துவிட்டார். அவர் எப்படிச் சிக்கினார், எப்படி மீண்டார் என்ற இரண்டும் இங்கே விரிவாகப் பார்க்க வேண்டியவை.

ஓடையின் பெயரையும் ஆட்களின் அடையாளத்தையும் தவிர்த்திருக்கிறோம். வழி ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) நடுவே போகிறது. பயிற்சி இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு அங்கே போய் நிற்பதை நாங்கள் விரும்பவில்லை.

இடமும் நீரும்

நுழைவிடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீற்றர் உயரம். வெளியேறும் இடம் சுமார் 700 மீற்றர். இடையே ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல் தூரம், ஏழு வீழ்ச்சிகள். மிகச் சிறியது 6 மீற்றர், மிகப் பெரியது 28 மீற்றர். இடுக்கின் மிகக் குறுகிய அகலம் 1.2 மீற்றர். அங்கே ஒருவர் கை இரண்டையும் நீட்ட முடியாது.

மணற்பாறை நாடுகளில் உள்ள இடுக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நம் மலைப்பாறை வேறு மாதிரி இருக்கும். இங்கே இருப்பது மிகப் பழைய உருமாற்றப் பாறை, அதாவது நைஸும் சார்னோக்கைட்டும். தண்ணீர் அதைச் சுலபமாக அரிப்பதில்லை. பாறையில் ஏற்கெனவே உள்ள நேர்கோட்டு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. அதனால் சுவர்கள் செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல் இருக்கும். ஈரப்பகுதியில் பாசி படிந்து கண்ணாடி போல் வழுக்கும். உலர்ந்த விளிம்பில் கார்னெட் என்ற கடினமான தாதுவின் மணிகள் துருத்திக்கொண்டு அரம் போல் கயிற்றைத் தேய்க்கும். மேலிருந்து உருண்டு வந்த பெரிய கற்கள் இடுக்கில் செருகி நிற்கும் இடங்களில், தண்ணீர் கல்லுக்கு அடியில் புகுந்து போகும் சுரங்கங்கள் உண்டு. அந்தச் சுரங்கத்துக்குள் ஆள் இழுக்கப்பட்டால் வெளியே எடுப்பது மிகக் கடினம்.

பருவத்தைக் குழு சரியாகவே தேர்ந்தெடுத்திருந்தது. மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஓடைகள் மெலிந்திருக்கும். ஆனால் மார்ச், ஏப்ரலில் பருவங்களுக்கு இடைப்பட்ட இடிமழை தொடங்கிவிடும். காலை வெயில் அடிக்கும், பிற்பகலில் மலைமுகட்டில் இடி முழங்கும். ஆகவே ஒரு மணிக்கு முன் இடுக்கைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது திட்டம். குழு ஓடையில் இறங்கியபோது மணி 11.20. திட்டமிட்டதைவிட ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டது. முதல் பிழை இது.

நீரை அளந்தது எப்படி

நுழைவிடத்தில் ஓட்டத்தை அளந்தார்கள். முறை எளிது. ஓடை நேராக ஓடும் இடத்தில் அகலத்தையும் சராசரி ஆழத்தையும் அளக்க வேண்டும். 5 மீற்றர் தூரத்துக்கு ஒரு காய்ந்த குச்சியை மிதக்கவிட்டு நேரம் பார்க்க வேண்டும். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். அன்று கிடைத்தது: அகலம் 1.6 மீற்றர், ஆழம் 0.2 மீற்றர், வேகம் விநாடிக்கு 0.4 மீற்றர். இவற்றையும் 0.85ஐயும் பெருக்கினால் விநாடிக்கு சுமார் 110 லீற்றர். குறுகிய இடுக்குக்கு இது மரியாதை கொடுக்க வேண்டிய அளவு. ஆனாலும் தேர்ந்த குழுவால் சமாளிக்கக்கூடியது.

சம்பவத்துக்குப் பிறகு, மேலே தங்கிய இருவர் மூன்றாவது வீழ்ச்சியின் தலைப்பில் மறுபடி அளந்தார்கள். அகலம் 1.8, ஆழம் 0.3, வேகம் 0.65. விநாடிக்கு சுமார் 300 லீற்றர். கண்ணுக்குத் தெரிந்த உயர்வு வெறும் 10 செ.மீ. ஓட்டமோ மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. மட்டம் ஏறும்போது ஆழம், அகலம், வேகம் மூன்றும் ஒன்றாகக் கூடுவதால் இப்படி ஆகிறது. "கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது" என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை நினைக்க வேண்டும்.

இதன் பலத்தையும் பார்ப்போம். தண்ணீர் 5 மீற்றர் விழுந்தால் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீற்றர். விநாடிக்கு 110 லீற்றர் அந்த வேகத்தில் மோதினால் சுமார் 110 கிலோ எடை மேலே அழுத்துவதற்குச் சமம். 300 லீற்றர் என்றால் 300 கிலோ. முழு நீரும் உடம்பில் படாது என்பது உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு பட்டாலே கையைத் தூக்க முடியாது.

மூன்றாவது வீழ்ச்சி

மொத்தம் 14 மீற்றர். முதல் 5 மீற்றர் சாய்தளம், பிறகு 9 மீற்றர் செங்குத்து. சாய்தளத்தின் முடிவில் ஓடை 1.2 மீற்றர் பிளவுக்குள் நெருங்கி, அங்கிருந்து பீறிட்டு விழுகிறது. கீழே ஆழமான மடு. மடுவின் நீர் சுழன்று திரும்பவும் வீழ்ச்சியின் காலடிக்கே இழுக்கும். கீழ்நோக்கி நின்றால் இடப்பக்கச் சுவரில், நீருக்கு 1.5 மீற்றர் மேலே, துருப்பிடிக்காத உருக்கு போல்ட் இரண்டு ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. பிளவுக்குச் சற்றுக் கீழே, ஓட்டத்துக்கு வெளியே, இன்னொரு தனி போல்டும் இருந்தது. கயிற்றை நீருக்குப் பக்கவாட்டில் திருப்பிவிடத்தான் முன்பு வந்தவர்கள் அதை அடித்திருந்தார்கள். குழு அதைப் பயன்படுத்தவில்லை. நீர் குறைவு என்று நினைத்தார்கள்.

கயிறு 9 மி.மீ. நிலைக்கயிறு (எடையில் அதிகம் நீளாத வகை), 60 மீற்றர். கூடவே அதே நீளத்தில் இன்னொன்று. மிகப் பெரிய வீழ்ச்சி 28 மீற்றர் என்பதால் இறங்கவும் உருவி எடுக்கவும் 56 மீற்றர் போய்விடும். ஒரே கயிற்றோடு போனால் அது வெட்டுப்பட்ட அன்று இடுக்கிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கயிற்றைக் கட்டிய விதம்தான் அன்று உயிரைக் காத்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சாதாரண மலையேற்றத்தில் கயிற்றை நடுவில் மடித்து, இரட்டையாகப் போட்டு இறங்குவார்கள். ஓடும் நீரில் அது ஆபத்து. இரண்டு நுனிகளும் மடுவின் சுழலில் சுற்றிக் காலில் பின்னும். நடுவில் சிக்கினால் மேலே உள்ளவரால் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் கயிறு இறங்குபவரின் எடையில் இறுகியிருக்கும். இந்தக் குழு ஒற்றைக் கயிற்றில் இறங்கியது. மேலே போல்ட் வளையத்தில் பூட்டுக் காரபினரால் (பூட்டக்கூடிய உலோகக் கொக்கி) ஓர் எட்டு வளையத்தை (எட்டு வடிவ உலோக வளையம்) மாட்டி, கயிறு அதனூடாகப் போய், எட்டின் கழுத்தில் சுற்றிப் பூட்டப்பட்டிருந்தது. மிச்சக் கயிறு முழுவதும் திறந்த பையில், மேலே நிற்பவரின் காலடியில். பூட்டை அவிழ்த்தால், கயிற்றில் ஆள் தொங்கும்போதே அவரை மெதுவாக இறக்க முடியும். அதற்குத் தேவை மூன்று: பூட்டு எடை தாங்கிய நிலையிலும் அவிழக்கூடியதாக இருக்க வேண்டும். வீழ்ச்சியின் உயரத்துக்குக் குறையாத கயிறு பையில் மீந்திருக்க வேண்டும். எட்டின் அருகில் எப்போதும் ஒருவர், பையிலிருந்து எட்டுக்கு வரும் பிடிக்கும் பக்கக் கயிற்றைக் கையில் வைத்தபடி, நிற்க வேண்டும். அவர் அங்கிருந்து நகரவோ படம் எடுக்கவோ கூடாது.

கீழ் நுனி மடுவின் நீர்மட்டத்தைத் தொட்டு நிற்கும்படி அளவு வைத்திருந்தார்கள். நுனியில் முடிச்சு இல்லை. உலர்ந்த பாறையில் முடிச்சு போடாதது குற்றம். விழும் நீருக்குக் கீழே முடிச்சு போடுவதுதான் குற்றம். இறங்குபவர் கயிற்றின் முடிவு வரை வந்து, அப்படியே கழன்று நீந்திவிட வேண்டும். சுழலுக்குள் நின்று கருவியைக் கழற்றிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. நுனி அதிகம் நீண்டால் காலில் சுற்றும். குறைந்தால் விழும் நீருக்குள் கயிறு முடிந்துவிடும். முதலில் இறங்கிய தலைவர் கீழிருந்து பார்த்து அளவைத் திருத்தினார். விசில் குறிகளைக் காலையிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள்: ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் இழு, நான்கு என்றால் கயிறு காலி. இந்தக் குறிகள் நாட்டுக்கு நாடு, குழுவுக்குக் குழு வேறுபடும். ஒவ்வொரு நாளும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவசியம்.

இன்னொரு நல்ல வேலையும் செய்திருந்தார்கள். மேலே நின்றவர் நீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை, மேற்புறம் உலர்ந்திருக்கும்படி அடையாளத்துக்கு வைத்திருந்தார்.

நடந்தது

1.40 அளவில் முகட்டுக்கு அப்பால் இடி கேட்டது. முதல் இருவரும் அதற்குள் கீழே போய்விட்டார்கள். மூன்றாமவர் கயிற்றில் ஏறிச் சாய்தளத்தைக் கடக்கும்போது, மேலே நின்றவர் அடையாளக் கல் மூழ்கியிருப்பதைக் கண்டார். ஒரு விசில் ஊதினார். நீரிரைச்சலில் அது கேட்கவில்லை. மூன்றாமவர் விளிம்பைத் தாண்டிவிட்டார்.

அவர் பையை முதுகில் மாட்டியிருந்தார். செங்குத்து வீழ்ச்சியில் பை ஹார்னஸிலிருந்து (இடுப்பில் கட்டும் வார்ப்பட்டை) கால்களுக்குக் கீழே தொங்க வேண்டும். முதுகில் இருந்தால் நீர் அதற்குள் நிரம்பி ஆளைப் பின்னுக்குச் சாய்க்கும். அதுதான் நடந்தது. பையின் அடியில் நீர் வடியும் துளைகள் இருந்தும், உள்ளே போன வேகத்தில் வெளியே போகவில்லை. விளிம்புக்கு 3 மீற்றர் கீழே அவர் மல்லாந்தார். கால்கள் பாறையைவிட்டு விலகின. ஓட்டம் அவரை நீரின் நடுவுக்குத் தள்ளியது. அந்த நேரத்தில் பை வாரின் தளர்ந்த நுனி, ஒரு சாண் நீளம்தான், இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இறங்கு கருவிக்குள் கயிற்றோடு சேர்ந்து இழுபட்டு இறுகியது. இறக்கம் நின்றது. முகத்தில் நேராகத் தண்ணீர்.

இந்த நிலையில் கத்தி எடுத்து வாரை வெட்டுவது பயிற்சிப் பாடத்தில் உண்டு. நீரடியில், கையைத் தூக்க முடியாதபோது, பதற்றத்தில் வாருக்குப் பதிலாகக் கயிறு வெட்டுப்படலாம். அவர் செய்தது சரியானது. தாடையை நெஞ்சோடு சேர்த்து, தலைக்கவசத்தின் முன்விளிம்புக்குக் கீழே கிடைத்த சிறு காற்றிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கயிற்றைப் பிடித்துத் தன்னை மேல்நோக்கி இழுக்க முயலவில்லை.

குழு முன்கூட்டியே ஒரு விதி வைத்திருந்தது: நீருக்குள் ஒருவர் 10 விநாடி அசையாமல் நின்றால், குறிக்காகக் காத்திருக்காமல் இறக்க வேண்டும். கீழே நின்ற தலைவர் இரண்டு விசில் ஊதிக் கையையும் கீழ்நோக்கி அசைத்தார். மேலே நின்றவர் பிடிக்கும் பக்கத்தை இறுக்கிப் பிடித்தபடி எட்டின் சுற்றை அவிழ்த்து, 6 மீற்றருக்கு மேல் கயிற்றைச் சீராக விட்டார். மூன்றாமவர் மடுவில் இறங்கினார். சுழல் அவரை வீழ்ச்சியின் காலடிக்கு இழுக்கத் தொடங்கியது. தலைவர் 15 மீற்றர் எறிகயிற்றுப் பையை அவருடைய நெஞ்சுக்குக் குறுக்கே விழும்படி எறிந்தார். அவர் அதைப் பிடித்துத் தோளுக்கு மேலாகப் போட்டு மல்லாந்துகொண்டார், தலைவர் அவரைக் கரைக்கு ஊஞ்சல் போல் இழுத்தார். கருவி இறுகியிருந்ததால் அவரால் கயிற்றின் நுனிவரை போய்க் கழன்றுவிட முடியவில்லை; மேலிருந்து கயிறு வராமல் நின்றிருந்தால் அந்தச் சுழலிலேயே கட்டுண்டிருப்பார். மேலே உள்ளவர் கயிற்றைத் தாராளமாக விட்டுக்கொண்டே இருந்ததால்தான் கரைவரை வர முடிந்தது.

மேலே இருந்த இருவரும் இறங்கவில்லை. இடப்பக்க விளிம்பில், நீருக்கு 4 மீற்றர் மேலே ஒரு திட்டில் தங்களைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கீழே உள்ளவர்களும் உயரமான பாறைக்கு ஏறினார்கள். 2.50க்கு நீர் குறைந்து வெள்ளைக் கல் மறுபடி தெரிந்தது. பிறகு, தனி போல்ட் வழியாகக் கயிற்றைப் பக்கவாட்டில் திருப்பி, ஓட்டத்தைத் தொடாமல் நான்காமவர் இறங்கினார். கடைசியாக இறங்குபவருக்கு மேலே அவிழ்த்துவிட ஆள் இல்லை. அதனால் எட்டை எடுத்துவிட்டு, கயிற்றை வளையத்தினூடாக மட்டும் போட்டு, ஒரு பக்கத்தில் அவர் இறங்க, மறுபக்கத்தைக் கீழே நின்றவர்கள் எட்டு வளையத்தில் பிடித்துக்கொண்டார்கள். சிக்கினால் கீழிருந்தே இறக்கலாம். அதற்கு வீழ்ச்சியின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது 42 மீற்றர் கயிறு வேண்டும். நான்காவது வீழ்ச்சிக்குப் பிறகு வலப்பக்கம் தேயிலை மலைக்கு ஏறும் பாதை உண்டு. அதோடு பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். சரியான முடிவு.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

நுழைவிடத்துக்கு மேலே ஒரு தடுப்பணை. சிறு நீர்மின் நிலையம் ஒன்று அங்கே ஓடையின் பெரும்பகுதி நீரைக் கால்வாய்க்குத் திருப்புகிறது. நீர் மலையோரமாகப் போய், தொட்டியில் சேர்ந்து, குழாய் வழியே இறங்கி, விசையாழியைச் சுழற்றிவிட்டு, இடுக்குக்கு வெகு கீழே ஓடையில் சேர்கிறது. இடைப்பட்ட ஓடைப்படுகையில் மிச்ச நீர்தான் ஓடும். இந்த இடுக்கு முழுவதும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

மின்விநியோகக் கம்பியில் கோளாறு வந்தால் விசையாழி தானாக நின்றுவிடும். நின்றால் நீர் போக இடமில்லை. தொட்டி நிரம்பும், மதகு மூடப்படும், தடுப்பணையைத் தாண்டி முழு ஓட்டமும் பழைய படுகைக்கே திரும்பும். அன்று 1.41க்கு அந்தத் தோட்டத்தில் மின்சாரம் நின்றது. தடுப்பணைக்கும் மூன்றாவது வீழ்ச்சிக்கும் இடையே ஏறத்தாழ 900 மீற்றர். நீர் விநாடிக்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேல் வேகத்தில் வந்தாலும் 12 நிமிடம். கணக்கு 1.53க்குப் பொருந்துகிறது. கூடுதலாக வந்த 190 லீற்றரும் நிலையம் எடுத்துக்கொண்டிருந்த நீர்தான். மின்சாரம் 2.25க்கு வந்தது. நிலையம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஓடை இறங்கியது.

வெள்ளம் வருமுன் நீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், மண்வாடை அடிக்கும் என்று எல்லோருக்கும் கற்றுத்தரப்படுகிறது. மழை வெள்ளத்துக்கு அது சரி. தோட்டங்களில் வெட்டிய கான்கள் மழைநீரைச் சேற்றோடு விரைவாக ஓடைக்குள் கொட்டுவதால் நிறம் உடனே மாறும். தடுப்பணையைத் தாண்டி வருவது தெளிந்த நீர். எந்த முன்னறிகுறியும் இருக்காது. வெள்ளைக் கல் ஒன்றுதான் சொன்னது.

இதை அந்த ஊரில் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஓடையில் துணி துவைக்கும் பெண்கள் கரண்ட் போனால் கல்லைவிட்டு எழுந்துவிடுகிறார்கள். குழு வாகனத்தை லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, யாரிடமும் பேசாமல் நேராக இறங்கியது. எங்கள் கணிப்பில் அன்றைய பிழைகளில் ஆகப் பெரியது இதுதான். மலையகத்தின் மேற்குச் சரிவில் இறங்கும் எந்த ஓடைக்கும் மேலே தடுப்பணை உண்டா, கால்வாய் எங்கே திரும்பச் சேர்கிறது, நிலையத்தின் காவலாளியிடம் பேச முடியுமா என்று முதல் நாளே விசாரிக்க வேண்டும். பெரிய ஆறுகளில் கெனியோன், லக்சபான போன்ற நீர்த்தேக்கங்களின் வான்கதவு திறக்கும்போது செய்தியில் அறிவிப்பு வரும். சிறு நிலையம் நிற்பதற்கு அப்படி ஓர் அறிவிப்பை எதிர்பார்க்க முடியாது. படுகையின் அகலத்தோடு ஒப்பிட்டால் நீர் மிகக் குறைவாக இருக்கிறது, பாறையில் பாசிக்கோடு இப்போதைய மட்டத்துக்கு வெகு மேலே இருக்கிறது என்றால், மேலே யாரோ நீரை எடுக்கிறார்களா என்று சந்தேகிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு

மூன்றாமவர் நீர் விழுங்கி இருமிக்கொண்டிருந்தார். நீரில் மூச்சுத் திணறியவருக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நுரையீரல் பாதிப்பு அடுத்த சில மணி நேரத்தில்தான் முற்றும். இடுக்குக்குள் தொலைபேசி எடுக்காது. தேயிலை மலைக்கு ஏறியதும் 1990 இலவச அம்பியுலன்ஸ் சேவைக்கு அழைத்து, தோட்டத்துத் தொழிற்சாலையை அடையாளமாகச் சொன்னார்கள். பாதைக்குப் பெயர் இல்லாத இடங்களில் தொழிற்சாலைதான் எல்லோருக்கும் தெரியும் அடையாளம். இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்து மறுநாள் அனுப்பினார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், ஓடையில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லும்படி ஐவரிடமும் கூறப்பட்டது. எலிக்காய்ச்சல் இப்படிப்பட்ட நீரிலும் தொற்றக்கூடும்.

பை வார்களின் நீண்ட நுனிகள் எல்லாம் வெட்டி, நுனி உருக்கி, சுருட்டித் தைக்கப்பட்டன. நான்காமவர் இறங்கிய கயிற்றைக் கழுவிப் பார்த்தபோது, விளிம்பில் பட்ட இடத்தில் உறை மயிர் போல் பிரிந்திருந்தது. ஆளுக்கு ஆள் 10 செ.மீ. கயிற்றை விட்டுத் தேய்மானப் புள்ளியை மாற்றியிருந்தால் அவ்வளவு தேய்ந்திருக்காது. நுனியிலிருந்து 16 மீற்றர் வெட்டி நீக்கினார்கள். மீந்த 44 மீற்றரை நனைத்து, உலர்த்தி, மறுபடி அளந்து, புது நீளத்தை இரு நுனியிலும் எழுதி வைத்தார்கள்.